ஆஸ்திரேலியா எலெக்ட்ரீசியன் பிராக்டிகல்: மலையில் இருந்துகொண்டே தயாராக முடியுமா?

கட்டபெட்டு_வயர்மேன்

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீசியன். ஐ.டி.ஐ. முடித்து என்.டி.சி. (தேசியத் தொழில் சான்றிதழ்) வாங்கியவன், வயர்மேன் லைசென்ஸும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு எலெக்ட்ரீசியன் ஜெனரல், 341111 என்ற தொழில் எண்ணில் ஸ்கில் அசெஸ்மென்ட் (தொழில் திறன் மதிப்பீடு) போட்டிருந்தேன். பேப்பர்கள் சரி என்று பதில் வந்துவிட்டது. அடுத்தது பிராக்டிகல், அதாவது செய்முறைத் தேர்வு.

நான் தினமும் பார்ப்பது தேயிலையை வாட்டி, அரைத்து, காயவைக்கும் ரோலர், சி.டி.சி., டிரையர், வித்தரிங் ஃபேன். இந்த மோட்டார்களும் இவற்றின் பேனல்களும்தான். ஒரு வீட்டுக்கு முழு வயரிங் இழுத்து ரொம்ப நாளாகிறது. கீழே கோவையில் ஒரு இடத்தில் இதற்கென்றே பயிற்சி தருகிறோம் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். அவ்வளவு பணம் கட்டத்தான் வேண்டுமா, இங்கேயே பழகிக்கொள்ள வழி இருக்கிறதா? எதைப் பழகுவது என்பதே குழப்பமாக இருக்கிறது. போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

ஜீரோவாட்

இழையைப் பின்தொடர்கிறேன். எனக்கும் இதே நிலைமைதான்.

மஞ்சூர்மெல்பர்ன்

வாழ்த்துகள் தம்பி. பேப்பர் கட்டத்திலேயே நம் ஆட்கள் நிறையப் பேர் நின்றுபோகிறார்கள், நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

நான் மஞ்சூர்க்காரன். இதே வழியில் வந்து இப்போது மெல்பர்னில் மேற்குப் பக்கம் வேலை பார்க்கிறேன். அன்றைக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். சொல்வது முறையும் இல்லை, உங்களுக்கு வேறு வேலை வந்தால் பிரயோஜனமும் இல்லை. மதிப்பீட்டாளர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன்.

நம் ஊரில் நல்ல எலெக்ட்ரீசியன் என்றால் கை வேகம். போனான், பார்த்தான், லைட் எரிந்தது, கிளம்பிவிட்டான். மதிப்பீட்டாளருக்கு அந்த வேகம் தேவையில்லை. கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் என்ன செய்கிறீர்கள், வேலை முடிந்து சப்ளை கொடுப்பதற்கு முன்னால் என்ன செய்கிறீர்கள் என்ற இரண்டு இடத்தில்தான் அவருடைய பேனா ஓடும். நடுவில் நீங்கள் பைப் வளைப்பது, லக் அடிப்பது, கிளாண்ட் போடுவதெல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும், ஆனால் அதில் நமக்குப் பயம் இல்லை. அது நமக்குத் தெரிந்த வேலை.

முதல் இடம் ஐசொலேஷன், அதாவது சப்ளையைத் துண்டித்துப் பூட்டுவது. எந்த சர்க்யூட் என்று அடையாளம் காண வேண்டும். அங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஆஃப் செய்து, உங்கள் பூட்டைப் போட்டு, உங்கள் பெயர் எழுதிய டேஞ்சர் டேக் மாட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைக்க வேண்டும். மோட்டார் என்றால் ஸ்டார்ட் பட்டனை அமுக்கி ஓடவில்லை என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் மீட்டர். அந்த மீட்டரை முதலில் சப்ளை இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு செத்த சர்க்யூட்டில் சோதனை. பிறகு மறுபடி அதே சப்ளை உள்ள இடத்தில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். நடுவில் மீட்டரோ அதன் லீடோ செத்துப்போயிருந்தால் எல்லாம் சைபர்தானே காட்டும்!

மூன்று ஃபேஸ் என்றால் ஃபேஸுக்கு ஃபேஸ் மூன்று, ஃபேஸுக்கு நியூட்ரல் மூன்று, ஃபேஸுக்கு எர்த் மூன்று, கடைசியாக நியூட்ரலுக்கு எர்த் ஒன்று. மொத்தம் பத்து. எட்டாவதில் நிறுத்திவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் அதோடு கதை முடிந்தது.

இரண்டாவது இடம் டெஸ்டிங். அதைத் தனியாக எழுதுகிறேன், இப்போது வேலைக்குக் கிளம்ப வேண்டும்.

பழையபோர்மேன்

எல்லாம் நல்லாத்தான் சொல்கிறீர்கள். ஆனால் ஒரு லைட் பாயிண்ட் மாற்ற இத்தனை சடங்கா? நாங்கள் ஆயுசு முழுக்க ஒரு டெஸ்டரை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்தோம். உயிரோடுதான் இருக்கிறோம்.

பயிற்றுநர்_குன்னூர்

ஐயா, உயிரோடு இருப்பவர்கள்தானே வந்து இப்படிச் சொல்ல முடியும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ஐ.டி.ஐ.யில் பசங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். வருஷா வருஷம் நான் பிடுங்கி வைக்கும் முதல் பொருளே அந்த நியான் டெஸ்டர்தான். அது எரிவதற்கு உங்கள் உடம்பு வழியாகத்தான் கரண்ட் தரைக்குப் போகிறது. உள்ளே பெரிய ரெசிஸ்டன்ஸ் இருப்பதால் உங்களுக்குத் தெரிவதில்லை. காய்ந்த பலகைமேல் ரப்பர் பூட்ஸோடு நின்றால் மங்கலாக எரியும், சில நேரம் எரிந்ததே தெரியாது. வெயிலில் பிடித்தால் கண்ணுக்கே தெரியாது. எரியவில்லை, ஆகவே சப்ளை இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. அதே டெஸ்டர் பக்கத்து வயரின் இண்டக்‌ஷனுக்கும் லேசாக எரியும், அப்போது இல்லாத சப்ளை இருப்பதாகத் தோன்றும். ரெண்டு பக்கமும் பொய் சொல்லும் கருவி அது. பிராக்டிகல் ஹாலில் அதைப் பையிலிருந்து எடுத்தாலே மதிப்பீட்டாளர் முகம் மாறிவிடும். இரண்டு முனை வோல்டேஜ் டெஸ்டரோ நல்ல மல்டிமீட்டரோ போதும்.

பழையபோர்மேன்

அம்மா, நான் குந்தா பவர் ஹவுஸ் பக்கம் இருந்தவன். எல்.சி., அதாவது லைன் கிளியர் அனுமதி, வாங்காமல் ஒரு ஆள் லைனைத் தொட்டதில்லை. லைன் கிளியர் வாங்கி, ஐசொலேட்டர் திறந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்து, எர்த் ராடு போட்டு டிஸ்சார்ஜ் செய்து, அப்புறம்தான் ஆள் ஏறுவான். வேலை முடிந்தால் எல்.சி. வாங்கியவனே திருப்பிக் கொடுக்க வேண்டும், வேறு யாரும் கொடுக்க முடியாது. மெல்பர்ன் தம்பி பூட்டு, சாவி, டேக் என்று சொல்வது அதுதானே?

மஞ்சூர்மெல்பர்ன்

அதேதான் ஐயா! போட்டவன்தான் எடுக்க வேண்டும். இன்னொருவன் பூட்டை எவனும் தொடக்கூடாது. எல்.டி. (குறைந்த அழுத்த) பக்கம் நாம் அதைச் சடங்கு என்று விட்டுவிட்டோம், இவர்கள் விடவில்லை.

பழையபோர்மேன்

சரி, அப்படிச் சொல்லியிருந்தால் முதலிலேயே புரிந்திருக்கும்.

கூடலூர்_குமிழ்பல்ப்

மன்னிக்கவும், கொஞ்சம் பின்னால் போகிறேன். நான் இன்னும் பேப்பர் கட்டத்திலேயே நிற்கிறேன். எஸ்டேட் வேலை, வாரக் கூலி, கையில் காசு. சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. இதற்கு என்ன செய்வது?

கட்டபெட்டு_வயர்மேன்

எனக்கு உதவியது பி.எஃப். பாஸ்புக். யு.ஏ.என். (பி.எஃப். எண்) போட்டு இறக்கினால் மாதா மாதம் முதலாளி கட்டியது தெரியும், அதை மறுக்க முடியாது. அதோடு ஃபேக்டரி லெட்டர்ஹெட்டில் ஒரு சர்வீஸ் கடிதம். எலெக்ட்ரீசியனாகப் பணிபுரிகிறார் என்று ஒரே வரியில் கொடுத்தார்கள், திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்ன பேனல், எத்தனை எச்.பி. மோட்டார், புது வயரிங்கா பராமரிப்பா, வாரம் எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்று நானே எழுதிக் கொண்டுபோய்க் காட்டி, மேனேஜர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். வேலை செய்யும்போது எடுத்த படமும் வீடியோவும் வேண்டும். முகம் தெரிய வேண்டும், வேலையும் தெரிய வேண்டும். பேனல் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் போட்டோ எடுபடாது. இன்னொன்று, கடைசி மூன்று வருஷத்தில் குறைந்தது 12 மாதம் இந்தத் தொழிலில் இருந்திருக்க வேண்டும்.

பந்தலூர்_மழை

கையில் காசு வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை. இன்றைக்கே பேசி, கூலியைப் பேங்க் கணக்கில் போடச் சொல்லுங்கள். பழையதைத் திருத்த முடியாது, இனிமேல் வருவதாவது ஆதாரமாக இருக்கும். சொந்தமாக காண்ட்ராக்ட் எடுப்பவர்கள் உத்யம் (சிறுதொழில்) பதிவு, பில் புக், கடையில் சாமான் வாங்கிய ரசீது எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ரசீதில் உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள், கடைக்காரர் சோம்பல்பட்டு கேஷ் என்று போட்டுவிடுவார்.

இல்லாத வேலைக்குக் கடிதம் வாங்கித் தருகிறேன் என்று ஒரு ஏஜென்ட் எங்கள் பக்கம் சுற்றுகிறார். போன் போட்டு விசாரிப்பார்கள், மாட்டினால் விசாவே அவ்வளவுதான். வேண்டாம்.

ஜீரோவாட்

அந்த ஏஜென்ட் எங்கள் பக்கமும் வந்தார். பிராக்டிகலுக்கு வீட்டு வயரிங் படம் ஒன்று ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்து இதுதான் வரும் என்றார். அதில் சாக்கெட்டுக்கு எர்த்தே வரையவில்லை.

மஞ்சூர்மெல்பர்ன்

விட்ட இடத்துக்கு வருகிறேன். டெஸ்டிங்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வயரிங் ரூல்ஸ் என்றால் ஏ.எஸ்./என்.இஸட்.எஸ். 3000, இப்போது இருப்பது 2018 பதிப்பு. தலையணை சைஸ் புத்தகம். முழுக்க மனப்பாடம் செய்ய வேண்டாம், டெஸ்டிங் வரிசையை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். முதலில் கண்ணால் பார்ப்பது. அப்புறம் சப்ளை இல்லாமல் எர்த் கண்டினியூட்டி, இன்சுலேஷன் ரெசிஸ்டன்ஸ், போலாரிட்டி, சர்க்யூட் கனெக்‌ஷன் சரியா என்பது. கடைசியில் ஃபால்ட் லூப் இம்பீடன்ஸ் (ஃபால்ட் கரண்ட் சுற்றி வரும் பாதையின் தடை), ஆர்.சி.டி. (கரண்ட் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் கருவி) டிரிப் ஆகிறதா என்பது.

இந்த வரிசை ஏன் என்று கேட்பார்கள், அங்கேதான் பலர் திணறுவார்கள். எர்த் ஏன் முதலில்? எர்த் வயர் நடுவில் அறுந்திருக்கிறது என்று வையுங்கள். நீங்கள் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் மெகர் (இன்சுலேஷன் பார்க்கும் மீட்டர்) போட்டால் பிரமாதமாக இன்ஃபினிட்டி காட்டும். இன்சுலேஷன் நன்றாக இருப்பதால் அல்ல, அந்தப் பக்கம் எர்த்தே இல்லாததால். எர்த் முழுசாக இருக்கிறது என்று உறுதி செய்த பிறகுதான் மெகர் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் உண்டு. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் தெரிந்தால் வரிசை மறக்காது.

எண்களும் சிலது வேண்டும். இன்சுலேஷனுக்கு 500 வோல்ட் டி.சி.யில் 1 மெகாஓம் குறையக் கூடாது. மெயின் எர்த்திங் கண்டக்டர் 0.5 ஓமுக்கு மேல் போகக்கூடாது. ஆர்.சி.டி. 30 மில்லிஆம்பியர். மல்டிமீட்டரில் ஓம் பார்த்துவிட்டு இன்சுலேஷன் சரி என்று சொல்லிவிடாதீர்கள். அது சின்ன பேட்டரி வோல்டேஜில் பார்ப்பது. 500 வோல்ட் கொடுத்தால்தான் ஈரமும் கீறலும் வெளியே வரும்.

கட்டபெட்டு_வயர்மேன்

அண்ணா, மெகர் ஃபேக்டரியில் இருக்கிறது. ஆனால் ஜூலையில் போட்டால் எந்த மோட்டாரும் ஒழுங்காக ரீடிங் தருவதில்லை. பனி உள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. டெர்மினல் பாக்ஸ் மூடியைத் திறந்தால் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர்.

பயிற்றுநர்_குன்னூர்

அது உங்களுக்குக் கிடைத்த பாக்கியம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கீழே இருப்பவர்கள் நல்ல ரீடிங்கை மட்டுமே பார்த்துப் பழகுகிறார்கள். குறைந்த ரீடிங் வந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் கேள்வியே. உங்கள் ஃபேக்டரியில் ஒரு வித்தரிங் ஃபேன் மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐசொலேட் செய்து, கேபிளோடு சேர்த்து ஒரு ரீடிங். குறைவாக வந்தால் டெர்மினலில் கேபிளைக் கழற்றி, கேபிளுக்குத் தனி, மோட்டாருக்குத் தனி. எதில் குறை என்று தெரிந்துவிடும். மோட்டார் என்றால் துடைத்து, உள்ளே சூடு கொடுத்து, மறுபடி ரீடிங். ஏறிக்கொண்டே வந்தால் ஈரம், ஏறவே இல்லையென்றால் வைண்டிங் போய்விட்டது. இதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நேர்காணலில் சொல்ல உங்களுக்குச் சொந்த உதாரணம் கிடைக்கும். மெகர் போட்டபின் டிஸ்சார்ஜ் செய்வதைக் கைப்பழக்கமாக வையுங்கள். நீளக் கேபிளில் சார்ஜ் தங்கும், தொட்டால் உதறும்.

வீட்டு சர்க்யூட்டுக்கு மெகர் போடும்முன் எல்.இ.டி. லைட், எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். இல்லாவிட்டால் ரீடிங்கும் கெடும், சாமானும் போகும்.

கொடைக்கானல்_ஃபியூஸ்போச்சு

பழனி மலையிலிருந்து ஒரு சந்தேகம். எங்கள் பக்கம் பாறை. எர்த் பிட்டில் கரி, உப்பு எல்லாம் கொட்டியும் 20 ஓமுக்குக் கீழே வர மாட்டேன் என்கிறது. ஆஸ்திரேலியாவிலும் பாறை இருக்குமே, அங்கே எப்படி 0.5 ஓம் வரும்?

மஞ்சூர்மெல்பர்ன்

நல்ல கேள்வி, இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு போங்கள். அந்த 0.5 ஓம் மண்ணுக்கு இல்லை. மெயின் போர்டிலிருந்து எர்த் எலெக்ட்ரோட் வரை போகும் கம்பிக்கும் அதன் இணைப்புகளுக்கும்தான்.

இங்கே எம்.இ.என்., அதாவது மல்டிபிள் எர்த்டு நியூட்ரல் முறை. மெயின் சுவிட்ச்போர்டில் நியூட்ரல் பாரையும் எர்த் பாரையும் ஒரு லிங்க் போட்டுச் சேர்த்துவிடுவார்கள். நம் ஊரில் யாராவது இப்படிச் செய்தால் அடிக்கப் போவோம். இங்கே அதுதான் உயிர்நாடி.

கணக்கு போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். உங்கள் பிட் 20 ஓம், வோல்டேஜ் 230. கீசர் பாடியில் ஃபேஸ் பட்டால் ஃபால்ட் கரண்ட் அதிகபட்சம் 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. (சின்ன பிரேக்கர்) அதைச் சாதாரண லோடு என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும். சி டைப் எம்.சி.பி. சட்டென்று விழ ஐந்திலிருந்து பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். மண் வழியாக அது எந்தக் காலத்திலும் வராது. எம்.இ.என். லிங்க் இருந்தால் ஃபால்ட் கரண்ட் மண்ணுக்குப் போக வேண்டியதில்லை. எர்த் வயரில் வந்து, லிங்க் தாண்டி, நியூட்ரல் கம்பியிலேயே டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிவிடும். கம்பியின் ரெசிஸ்டன்ஸ் மட்டும்தான், நூற்றுக்கணக்கில் கரண்ட் ஓடும், பிரேக்கர் விழுந்துவிடும். ஃபால்ட் லூப் இம்பீடன்ஸ் பார்ப்பது இதற்குத்தான். 20 ஆம்பியர் சி டைப்புக்கு அவர்கள் அட்டவணையில் 1.53 ஓம். 230ஐ 7.5 மடங்கு 20ஆல் வகுத்தால் அதே எண் வரும். மனப்பாடம் செய்வதைவிட இப்படி வகுத்துக் காட்டினால் மதிப்பீட்டாளருக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

லிங்க் மெயின் போர்டில் ஒரே இடத்தில்தான். ஆர்.சி.டி.க்குப் பிறகு எங்கேயாவது நியூட்ரலும் எர்த்தும் தொட்டால் ஆர்.சி.டி. ஆனில் நிற்காது, விழுந்துவிடும். ஃபால்ட் ஃபைண்டிங்கில் இது நல்ல விளையாட்டு.

கொடைக்கானல்_ஃபியூஸ்போச்சு

அப்போ எங்கள் வீட்டில் அந்த எம்.சி.பி. விழவே விழாதா?

பயிற்றுநர்_குன்னூர்

எர்த் ஃபால்டுக்கு விழாது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.டி. ஒன்று உடனே வாங்கிப் போடுங்கள். பாறை மண்ணில் அதுதான் காப்பாற்றும். வெளிநாடு போகாதவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கூடலூர்_குமிழ்பல்ப்

கலர் வித்தியாசம் எல்லாம் உண்டா?

மஞ்சூர்மெல்பர்ன்

உண்டு. ஃபிக்ஸட் வயரிங்கில் சிவப்பு ஆக்டிவ், கறுப்பு நியூட்ரல், பச்சை-மஞ்சள் எர்த். இதுவரை நமக்குப் பழக்கம்தான். மூன்று ஃபேஸில் நம் சிவப்பு, மஞ்சள், நீலத்துக்குப் பதில் சிவப்பு, வெள்ளை, கருநீலம். ஃபிளெக்சிபிள் வயரில் பழுப்பு ஆக்டிவ், வெளிர் நீலம் நியூட்ரல். ஆக, நீலத்தைப் பார்த்ததும் இது இன்னதுதான் என்று முடிவு கட்டக் கூடாது. எந்தக் கலராக இருந்தாலும் சோதித்துவிட்டுத் தொடுவதுதான் பேச்சு.

சாக்கெட் பார்க்க வேறு மாதிரி இருக்கும், தட்டையான சாய்ந்த பின்கள், எர்த் கீழே. ஆனால் முன்னால் நின்று பார்த்தால் எர்த், ஆக்டிவ், நியூட்ரல் என்று கடிகாரம் சுற்றும் திசையில்தான் வரும். நம் ஊர் மூன்று பின் சாக்கெட்டையும் முன்னால் நின்று பாருங்கள், மேலே எர்த், வலது கையில் ஃபேஸ், இடது கையில் நியூட்ரல். அதே சுற்று! எர்த்தைப் பிடித்துக்கொண்டு சுற்றினால் இரண்டு ஊரிலும் தப்பாது.

கம்பியை முறுக்கி டேப் சுற்றும் ஜாயின்ட் அங்கே கிடையாது. கனெக்டர், ஜங்ஷன் பாக்ஸ். டேப் ரோலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கட்டபெட்டு_வயர்மேன்

மோட்டார் கண்ட்ரோல் எவ்வளவு ஆழமாகக் கேட்பார்கள்? டி.ஓ.எல். (மோட்டாரை நேரடியாக எடுக்கும் ஸ்டார்ட்டர்), ஸ்டார்-டெல்டா (முதலில் குறைந்த கரண்டில் எடுக்கும் ஸ்டார்ட்டர்) எல்லாம் தினமும் பார்ப்பதுதான்.

பழையபோர்மேன்

இது என் ஏரியா. தினமும் பார்ப்பதும் வெறும் கையோடு படம் போடுவதும் வேறு தம்பி. ஃபேக்டரியில் யாரோ கட்டிய பேனலில் காயில் மாற்றுவீர்கள், காண்டாக்ட் சுத்தம் செய்வீர்கள். வெள்ளைத் தாளில் கண்ட்ரோல் சர்க்யூட் வரையச் சொன்னால் பலருக்கும் கை நிற்கும். ஸ்டாப் பட்டன் என்.சி. (அமுக்காதபோது மூடியிருப்பது), ஸ்டார்ட் பட்டன் என்.ஓ. (அமுக்காதபோது திறந்திருப்பது), அதற்குக் குறுக்கே காண்டாக்டரின் (காயில் இழுத்து மூடும் சுவிட்ச்) ஹோல்டிங் காண்டாக்ட், ஓவர்லோடு ரிலேயின் என்.சி. வரிசையில். இதை டி.ஓ.எல்.லுக்குத் தினம் ஒரு தடவை பார்க்காமல் வரையுங்கள்.

அப்புறம் ஆறு முனை வெளியே தொங்கும் மோட்டாரில் லேபிள் எல்லாம் கிழிந்திருந்தால் எது எதற்கு ஜோடி என்று கண்டினியூட்டியில் பிரிக்கத் தெரிய வேண்டும். டெல்டாவில் யு1க்கு டபிள்யூ2, வி1க்கு யு2, டபிள்யூ1க்கு வி2. ஸ்டாரில் யு2, வி2, டபிள்யூ2 மூன்றும் ஒன்றாக. ஸ்டார் காண்டாக்டரும் டெல்டா காண்டாக்டரும் ஒரே நேரத்தில் இழுத்தால் மூன்று ஃபேஸும் ஷார்ட். அதனால் ஒன்றின் என்.சி. மற்றொன்றின் காயில் வழியில் இருக்க வேண்டும். ஸ்டாரில் எடுப்பதால் லைன் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும், டார்க்கும் அதே மாதிரி மூன்றில் ஒரு பங்கு. இலை நிறைந்த ரோலரை ஸ்டாரில் எடுக்க விட்டால் முனகிக்கொண்டு நிற்பது அதனால்தான். இந்தக் கடைசி வரியைச் சொல்லுங்கள், ஃபேக்டரி ஆள் என்று தெரிந்துவிடும்.

ஜீரோவாட்

ஐயா இப்போது எங்கள் கட்சி.

பயிற்றுநர்_குன்னூர்

எங்கே பழகுவது என்று கேட்டீர்களே. கோவைக்குப் பணம் கட்டுவது உங்கள் விருப்பம்; நல்ல இடம் என்றால் அங்கே இன்ஸ்டலேஷன் டெஸ்டர் தொட்டுப் பழகலாம், அது ஒன்றுதான் லாபம். அதற்கு முன் உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு போர்டு கட்டுங்கள். எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்று. அதன்மேல் மெயின் சுவிட்ச், ஆர்.சி.டி., இரண்டு மூன்று எம்.சி.பி., நியூட்ரல் பார், எர்த் பார். கீழே ஒரு டூ-வே லைட் (இரண்டு சுவிட்சில் எரிவது), இரண்டு சாக்கெட், ஒரு டி.ஓ.எல். ஸ்டார்ட்டர், பழைய அரை எச்.பி. மோட்டார். பழைய சாமான் கடையிலேயே பாதி கிடைக்கும். பூட்டு மாட்டும் எம்.சி.பி. கிளிப் மட்டும் புதிது வாங்குங்கள்.

கட்டி முடித்ததும் அவிழ்த்துவிடாதீர்கள். வீட்டில் இருக்கும் யாரையாவது விட்டு, நீங்கள் பார்க்காதபோது ஒரு பழுது வைக்கச் சொல்லுங்கள். நியூட்ரலை எங்கேயாவது ஒரு திருகு தளர்த்தலாம், ஓவர்லோடு காண்டாக்டில் காகிதத் துண்டு சொருகலாம், சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாற்றலாம். சப்ளை இல்லாமல்தான் வைக்க வேண்டும், சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். என் மாணவர் ஒருவருக்கு அவர் மனைவிதான் பழுது வைப்பார். அந்த அம்மா டூ-வேயில் வைத்த ஒரு பழுதை நானே போய்த்தான் கண்டுபிடித்தேன்.

பழுது கண்டுபிடிக்கும்போது கை வைத்து ஆட்டிப் பார்க்காதீர்கள். படத்தைப் பார்த்து, பாதியில் ஒரு ரீடிங் எடுத்து, எந்தப் பாதியில் பழுது என்று பிரியுங்கள், அதிலும் பாதி. எடுத்த ரீடிங் ஒவ்வொன்றையும் தாளில் எழுதுங்கள். தாளில் இல்லாத சோதனை செய்யாத சோதனைதான்.

பந்தலூர்_மழை

இங்கிலீஷ் பற்றி யாருமே பேசவில்லை. எனக்கு வேலை தெரியும், வாய்தான் வராது.

மஞ்சூர்மெல்பர்ன்

எனக்கும் அதுதான் பயமாக இருந்தது. இலக்கண இங்கிலீஷ் தேவையில்லை, ஆனால் செய்வதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய் மூடிக்கொண்டு நீங்கள் மீட்டரைச் சோதித்தால் அவர் அந்த நொடி குனிந்து எழுதிக்கொண்டிருக்கலாம், கவனிக்கவே மாட்டார். “ஐ ஆம் ப்ரூவிங் மை டெஸ்டர்”, “நோ வோல்டேஜ், ஆக்டிவ் டு எர்த்” என்று சின்னச் சின்ன வரியாகச் சொல்லுங்கள். ஃபேஸ் என்பதை ஆக்டிவ் என்று சொல்லிப் பழகுங்கள். போர்டு முன்னால் நின்று போனில் வீடியோ எடுத்து, மறுநாள் சத்தத்தை மட்டும் கேளுங்கள். படம் பார்க்காமல் என்ன நடக்கிறது என்று புரிந்தால் போதும், தேறிவிட்டீர்கள். விசாவுக்கான இங்கிலீஷ் தேர்வுகள், ஐ.இ.எல்.டி.எஸ்., பி.டி.இ., தனிக் கதை. அதற்குப் படிப்பதை இதோடு கலக்காதீர்கள்.

கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேளுங்கள். தலையை ஆட்டிவிட்டு வேறு எதையாவது செய்வதுதான் நம் ஆட்களின் வியாதி.

கூடலூர்_குமிழ்பல்ப்

பாஸானால் அங்கே போனதும் நேராக வேலையா?

மஞ்சூர்மெல்பர்ன்

இல்லை, இதைப் பலர் தெரியாமல் வருகிறார்கள். எலெக்ட்ரீசியன் லைசென்ஸ் வேண்டிய தொழில். பாஸானால் கையில் வருவது ஓ.டி.எஸ்.ஆர்., அதாவது ஆஃப்ஷோர் டெக்னிகல் ஸ்கில்ஸ் ரெக்கார்டு. அதை வைத்து விசா, வந்தபின் போகும் மாநிலத்தில் தற்காலிக லைசென்ஸ். லைசென்ஸ் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் வேலை பார்த்துக்கொண்டே கேப் டிரெயினிங் (இங்கத்திய முறைக்கு நம்மிடம் குறைவதை நிரப்பும் பயிற்சி) முடிக்க வேண்டும், குறைந்தது 12 மாதம் என்று வையுங்கள். அது முடிந்தால்தான் சர்டிஃபிகேட் 3 என்ற தொழில் தகுதிச் சான்றிதழ், அதற்குப் பிறகு முழு லைசென்ஸ். முதல் வருஷச் சம்பளத்தை முழு எலெக்ட்ரீசியன் சம்பளமாகக் கணக்குப் போட்டு ஊரில் கடன் வாங்கிவிடாதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். போகும் மாநிலத்தின் பக்கத்தை நீங்களே படியுங்கள், ஏஜென்ட் சொன்னதை வைத்துப் போகாதீர்கள்.

ஜீரோவாட்

கனடா, யு.கே. இதே மாதிரிதானா?

மஞ்சூர்மெல்பர்ன்

யு.கே.யில் ஏ.எம்.2 என்று பிராக்டிகல் இருக்கிறது, அதிலும் முதலில் சேஃப் ஐசொலேஷன்தான். விதிப்புத்தகம் பி.எஸ். 7671. கனடாவின் ரெட் சீல் எழுத்துத் தேர்வு. மேலே நான் சொல்ல எனக்கு அனுபவம் இல்லை, வேறு இழை போடுங்கள்.

கட்டபெட்டு_வயர்மேன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. பிளைவுட் வாங்கியாயிற்று, பூட்டும் வாங்கியாயிற்று. பழைய அரை எச்.பி. மோட்டார் ஃபேக்டரி ஸ்டோரில் இருந்ததை மேனேஜர் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். ஒன்றுதான் இடிக்கிறது. லூப் இம்பீடன்ஸும் ஆர்.சி.டி. டிரிப் டைமும் பார்க்கும் டெஸ்டர் இங்கே யாரிடமும் இல்லை. வாடகைக்குக் கிடைக்குமா?

பழையபோர்மேன்

என் மருமகன் காண்ட்ராக்ட் எடுக்கிறான், அவனிடம் ஒன்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்கிறேன். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து போன் போடுங்கள், நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். வாடகை எல்லாம் வேண்டாம். ஸ்டார்-டெல்டா கண்ட்ரோல் படத்தைப் பார்க்காமல் வரைந்து காட்டினால்தான் பெட்டியைத் திறப்பேன்.

கூடலூர்_குமிழ்பல்ப்

ஐயா, நானும் வரலாமா? முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்கு மேல் ஆகும்.

பழையபோர்மேன்

வாங்க. அந்த நியான் டெஸ்டரை மட்டும் கொண்டுவந்துவிடாதீர்கள், குன்னூர் மேடமும் வருகிறாராம்.